கோழிக் குழம்பு இல்லாமல் போனேன்

கண்ணா என்று ஆரம்பிக்கத்தான் கை போனது. வேண்டாம் என்று விட்டுவிட்டேன். இதை உனக்குத் தனியாகவும் அனுப்பவில்லை, நம் குடும்ப வாட்ஸப் குரூப்பிலேயே போடுகிறேன். நீ உன் பெண்டாட்டி அனிதாவின் கையை உடைத்த சேதியும் அங்கேதான் வந்தது. 'ஏதோ சின்ன சண்டை, பொண்ணு கோச்சிக்கினு அம்மா வூட்டுக்குப் போயிடுச்சி' என்று உன் பெரிய அத்தை எழுதியிருந்தாள். அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள், ரோஜாப்பூ. அதற்கும் கீழே எனக்கு ஒரு உத்தரவு: 'அண்ணி, ஞாயித்துக்கெழமை கோழி எடுத்துக்கினு போயி கூட்டிக்கினு வந்துடு.' இன்றைக்குத்தான் ஞாயிற்றுக்கிழமை. தங்கவயலில் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டு ராத்திரிதான் பெங்களூர் நீலசந்திராவில் நம் வீட்டுக்குத் திரும்பினேன். என்ன ஆச்சு, வந்தாளா என்று ஆளாளுக்குக் கேட்பீர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல எனக்குத் தெம்பில்லை, எல்லோரும் படித்துக்கொள்ளட்டும். ஆனால் நான் பேசுவது உன்னோடு மட்டும்தான்.

வியாழக்கிழமை காலையில் நீ போன் செய்தபோது நான் கல்லூரி ஸ்டாஃப் ரூமில் இருந்தேன். முதல் மணிக்கு இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு வகுப்பு. 'மா, அவ பேசிக்கினே இருந்தா. கையைப் புடிச்சி முதுகுப் பக்கம் முறுக்குனேன். டக்குனு ஒரு சத்தம் வந்திச்சி' என்றாய். காய்கறி வாங்கப் போன கதையைச் சொல்கிற குரலில் சொன்னாய். எந்தக் கை என்று கேட்டேன். சோத்துக் கை என்றாய். அப்புறம் என்றேன். 'அப்புறம் ரெண்டு அறை.' கை உடைந்த பிறகா என்று கேட்டேன்.   அதற்கு நீ சொன்னாய்: 'எனக்கே தெரிலமா. நம்ம ரத்தம் அப்டி. தாத்தா, அப்பா, இப்ப நானு. நீதான சொல்லுவே, ஜீன்லயே இருக்குதுன்னு.' நீ நேரில் இருந்திருந்தால் செருப்பைக் கழற்றியிருப்பேன். நீ எலெக்ட்ரானிக் சிட்டியில் பன்னிரண்டாவது மாடியில் இருந்தாய். நான் போனை வைத்துவிட்டு வகுப்புக்குப் போனேன்.

அன்றைக்கு நடத்த வேண்டிய பாடம் என்ன தெரியுமா? ஒரு செல், எந்த ஜீனைப் படிக்க வேண்டும், எதைப் படிக்கக் கூடாது என்பதை எப்படிக் கட்டுப்படுத்துகிறது என்பது. வருஷாவருஷம் நான் நடத்துகிற பாடம்தான். போர்டில் டி.என்.ஏ.வை வரைய ஆரம்பித்தேன், சாக்பீஸ் விரலுக்குள்ளேயே உடைந்தது. இன்னொன்றை எடுத்தேன், அதுவும் உடைந்தது. 'மேம், ஆர் யூ ஓகே' என்று முன் பெஞ்சுப் பெண் கேட்டாள். ஓகேதான் என்று சொல்லி, இத்தனை வருஷத்தில் ஒருநாளும் நடத்தாத வேகத்தில் நடத்தினேன். அந்தப் பாடத்தை உன்னையும் உட்கார வைத்துச் சொல்லியிருக்க வேண்டும். நீ கம்ப்யூட்டர் படிக்கப் போனாய். இப்போது கேள்.

உன் உடம்பில் கோடி கோடியாய்ச் செல்கள் இருக்கின்றன. கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் உள்ளே இருப்பது ஒரே டி.என்.ஏ.தான். கண்ணுக்குள் இருக்கும் செல்லிலும் இன்சுலின் செய்வதற்கான ஜீன் இருக்கிறது. குதிகால் தோலில்கூட மூளைக்கு வேண்டிய ஜீன் இருக்கிறது. ஆனால் கண் இன்சுலின் சுரப்பதில்லை, குதிகால் யோசிப்பதில்லை. ஏன் என்றால் ஜீன் இருப்பது ஒன்று, அதைப் படிப்பது வேறு. அந்தந்தச் செல்லுக்கு வேண்டாத ஜீன்களைப் புரத உருண்டைகளில் இறுக்கிச் சுற்றி மடித்து வைத்திருக்கும், மாமியார் பட்டுப் புடவையை பீரோவின் அடியில் வைத்துப் பூட்டுகிற மாதிரி. வேண்டிய ஜீனுக்கும்கூட, படியெடுக்கிற நொதி தானாக ஓடி வந்து படிக்காது. அந்த ஜீனுக்கு முன்னால் ஒரு வாசல் பகுதி இருக்கிறது, அங்கே இன்னின்ன புரதங்கள் வந்து கூட வேண்டும். எங்கேயோ தொலைவில் இருக்கும் ஊக்கிப் பகுதி வளைந்து வந்து தொட வேண்டும். தடுக்கிற புரதம் குறுக்கே உட்கார்ந்திருந்தால் அது இறங்க வேண்டும். வெளியே இருந்து சேதி வர வேண்டும். இவ்வளவும் நடந்தால்தான் ஜீனைப் பார்த்து ஆர்.என்.ஏ. எழுதப்படும், அதை வைத்துப் புரதம் உண்டாகும். ஜீன்லயே இருக்குது என்று சொல்லிவிட்டுப் போவதற்கு இது ஜோசியக் கட்டம் இல்லை.

குணத்துக்கும் ஜீனுக்கும் சம்பந்தமே கிடையாது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். சீக்கிரம் கோபம் வருகிற உடம்பு இருக்கலாம், மெதுவாக வருகிற உடம்பும் இருக்கலாம். உனக்கு முன்கோபம், எனக்கும்தான். ஆனால் ஒன்றை யோசித்துப் பார். எவ்வளவு அவசரமான ஜீனாக இருந்தாலும் அதைப் படித்து, எழுதி, புரதமாக்கி முடிக்க நிமிஷக் கணக்கு ஆகும். நீ அவள் கையை முறுக்கியது கண் மூடித் திறக்கிற நேரம். உன் ஜீன் எதுவும் வாசலைத் திறப்பதற்கு முன்னாலேயே அவள் எலும்பு முறிந்துவிட்டது. பிறகு அந்த இரண்டு அறை. சத்தம் கேட்டது உனக்கு. அவள் கத்தியதும் கேட்டது. கேட்ட பிறகுதான் அறைந்தாய். அந்த நேரத்தில் எந்த நொதி வந்து உன் கையைத் தூக்கிவிட்டது?

நீ அடித்த அந்தப் புதன்கிழமை மாலை என்ன நடந்தது என்று அனிதா எனக்கு முழுசாகச் சொன்னாள். மீட்டிங்கில் உன் மேனேஜர் உன்னை எல்லோர் எதிரிலும் கழுவி ஊற்றினானாம். ஸ்பீக்கரில் போட்டிருந்தாயாம், அவள் சமையற்கட்டிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நீ சிரித்துக்கொண்டே 'ஷ்யூர், ஷ்யூர், ஐ வில் ஃபிக்ஸ் இட்' என்றாயாம். சனிக்கிழமையும் வேலை செய்கிறேன் என்றாயாம். லேப்டாப்பை மெதுவாக, ஓசை வராமல் மூடினாயாம். அவள் வந்து, 'சனிக்கிழமை எங்க அண்ணன் கொழந்தைக்குக் காது குத்துறாங்க, வரேன்னு சொன்னீங்களே' என்று கேட்டாள். அவ்வளவுதான் அவள் பேசிக்கொண்டே இருந்தது. அந்த மேனேஜரின் கையை ஏன் நீ முறுக்கவில்லை? அவன் எதிரில் உன் தாத்தா ரத்தம் எங்கே போயிற்று? உன் கட்டுப்பாடு கெட்டுப்போகவில்லை. கச்சிதமாக வேலை செய்கிறது. யாரிடம் கையை மடக்கிக்கொள்ள வேண்டும், யாரிடம் நீட்டலாம் என்று அதற்கு அத்துப்படி.

உன் அப்பாவும் இப்படித்தான். ஃபேக்டரியில் ஃபோர்மேன் அவரைத் தாயைச் சேர்த்துத் திட்டுவான். அவர் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்கு வருவார். வாசலில் செருப்பை வரிசையாகக் கழற்றி வைப்பார். உள்ளே வந்து பெல்ட்டை உருவுவார். பக்கிள் பக்கம் எனக்கு, தோல் பக்கம் அவர் கைக்கு. ஒருமுறை தலைமுடியைப் பிடித்துக் காஸ் சிலிண்டரில் மோதினார், கடைவாய்ப் பல் இரண்டு விழுந்தது. நீ தொட்டிலில் இருந்தாய். நான் உன்னைத் தூக்கிக்கொண்டு, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, மாரிகுப்பம் ரயிலேறி, தங்கவயலில் என் அப்பா வீட்டுக்குப் போனேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் மாமியார் வந்தாள். ஒரு கையில் தட்டு, அதில் புடவை, மல்லிப்பூ, வெற்றிலைபாக்கு. இன்னொரு கையில் சட்டி, அதில் நாட்டுக்கோழிக் குழம்பு. நம் வீட்டு வழக்கம் அதுதான், யார் வகுத்தார்களோ. அடிபட்டவள் தாய்வீடு போவாள். மாமியார் கோழிக் குழம்போடு வந்து, தன் கையால் அவளுக்குச் சோறு போடுவாள். ஏன் அடித்தான் என்று யாரும் கேட்கக் கூடாது, எங்கே அடித்தான் என்றும் பார்க்கக் கூடாது. அவள் சாப்பிட்டுவிட்டால் முடிந்தது, சாயங்கால ரயிலுக்குக் கிளம்பலாம். என் அப்பா சுரங்கத்துக்குள் பாறைக்கு வெடி வைக்கிறவர், யாருக்கும் பயப்படாதவர். அவரே சட்டியைப் பார்த்ததும், 'சரி, மரியாதையா வந்துட்டாங்க' என்று எழுந்து வெளியே போய்விட்டார்.

நான் சாப்பிட்டேன். பல் போன பக்கம் மெல்ல முடியவில்லை, மறு பக்கமாக மென்று சாப்பிட்டேன். குழம்பு ருசியாக இருந்தது, அதுதான் கேவலம். அப்புறமும் அடி விழுந்தது, அப்புறமும் கோழி வந்தது. வகுப்பில் நான் பாக்டீரியா உதாரணம் சொல்வேன். பால் சர்க்கரையைச் செரிக்கிற ஜீன் பாக்டீரியாவிடம் எப்போதும் இருக்கிறது, ஆனால் தடுப்புப் புரதம் அதன் மேல் உட்கார்ந்திருக்கும். பால் சர்க்கரை உள்ளே வந்தால்தான் தடுப்பு இறங்கும், ஜீனைப் படிக்க ஆரம்பிக்கும். சர்க்கரை வராத இடத்தில் அது வீணாக வேலை செய்யாது. நம் வீட்டு ஆண்களுக்கு அந்தக் கோழிச் சட்டிதான் பால் சர்க்கரை. அடித்தால் நாலு நாளில் அம்மா போய்க் கூட்டிக்கொண்டு வந்துவிடுவாள் என்று தெரிந்த கைதான் ஓங்குகிறது. ஃபோர்மேனை அடித்தால் அவன் வீட்டுக்கு யாரும் கோழி கொண்டுபோக மாட்டார்கள்.

உன் அப்பா அடிப்பதை நிறுத்தியது திருந்தியதால் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கலாம். பக்கவாதம் வந்ததால் நிறுத்தினார். அந்த வலது கையைத் தினமும் நான்தான் கழுவி, துடைத்து, மடியில் எடுத்து வைக்கிறேன். அதில் இப்போதும் அதே ஜீன்கள்தான் இருக்கின்றன. இன்று காலை நான் கிளம்பும்போது, கோணிய வாயால் கஷ்டப்பட்டு ஒரு வார்த்தை கேட்டார். 'கோயி… எட்துக்கினியா?' கோழி எடுத்துக்கொண்டாயா என்று. அவ்வளவு பேசவே அவருக்கு வியர்த்துவிட்டது. இல்லை என்றேன். ஒரு பக்க முகத்தால் என்னை முறைத்தார். பயமாக இருந்தது, சொல்வதற்கென்ன, ஆனாலும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

ஒரு விஷயத்தில் உன்மேல் பழி போட எனக்கு வாயில்லை. நான் அடிபட்டபோதெல்லாம் என் மாமியார், 'எங்க வூட்டு ஆம்பளைங்க ரத்தம் அப்டிம்மா' என்பாள். எனக்குச் சிரிப்பாக வரும், படிக்காதவள் பேச்சு என்று. பிறகு நீ பள்ளிக்கூடத்தில் பக்கத்து வீட்டுப் பையன் மூக்கை உடைத்துவிட்டு வந்தாய். அவன் அம்மா ரத்தச் சட்டையோடு அவனைக் கூட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். நான், 'இன்னா பண்றதுங்க, அப்பா ஜீன் அப்டியே இருக்குது' என்று சொல்லிச் சிரித்தேன். நீ என் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாய். மாமியார் சொன்ன ரத்தம் என்ற வார்த்தையை எடுத்துவிட்டு ஜீன் என்று போட்டேன், நான் டாக்டர் பட்டம் வாங்கியதற்கு வீட்டில் ஆன பிரயோஜனம் அவ்வளவுதான். தட்டைப் போட்டு உடைத்தால் அப்பா ஜீன், கதவை எட்டி உதைத்தால் அப்பா ஜீன். செல்லமாகச் சொன்னேன். அதையே நீ பத்திரமாக வைத்திருந்து, பெண்டாட்டி எலும்பை உடைத்துவிட்டு எனக்கே திருப்பித் தந்தாய். வாங்கிக்கொள்ள மாட்டேன்.

வெறுங்கையோடு ரயிலேறினேன். அனிதா வீட்டில் எல்லாம் தயாராக இருந்தது. வாழை இலை நறுக்கிக் கழுவி வைத்திருந்தார்கள், சோறு வடித்திருந்தார்கள். குழம்பு மட்டும்தான் பாக்கி, அது நான் கொண்டுவர வேண்டியது. கூடத்தில் அவள் பெட்டி கட்டி நிறுத்தியிருந்தது. அவளைப் பெற்றவள் என் பின்னால் எட்டிப் பார்த்தாள், ஆட்டோவிலிருந்து யாராவது சட்டியை இறக்குகிறார்களா என்று. 'சம்பந்தி, தட்டு?' என்றாள். எடுத்துக்கொண்டு வரவில்லை என்றேன். அவள் முகம் சுண்டிவிட்டது. 'ஏன், எங்க பொண்ணு மேல இன்னா தப்பு? மரியாதை இல்லாம எப்டி அனுப்பறது?' என்று கேட்டாள். மகள் கை உடைந்து கிடக்கிறது, இவளுக்குக் கோழி வராததுதான் அவமானம். அவளைக் கோபிக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? 'கூட்டிக்கினு போக வரல சம்பந்தி. அனுப்பாதீங்கன்னு சொல்லத்தான் வந்தேன்' என்றேன்.

அனிதா உள் அறையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முழங்கை வரைக்கும் மாவுக்கட்டு. இடது கண்ணுக்குக் கீழே ஊதாவாக வீங்கி, ஓரத்தில் மஞ்சள் பூத்திருந்தது. நான் கதவைத் தள்ளியபோது கட்டுப் போட்ட கையை முகத்துக்குக் குறுக்கே தூக்கினாள். வந்தது நான்தான் என்று தெரிந்த பிறகும் கை இறங்க நேரமாயிற்று. அதைப் பார்த்துவிட்டுத்தான் உனக்கு இதை எழுதுகிறேன். ஜீன் ஜீன் என்றாயே, அவள் உடம்பில் இப்போது என்ன நடக்கிறது என்று சொல்லட்டுமா? பயத்தில் சுரக்கிற ஹார்மோன் செல்லுக்குள் நுழைகிறது. அதற்காகவே காத்திருக்கிற ஒரு புரதத்தோடு சேர்ந்து, உட்கருவுக்குள் போய், டி.என்.ஏ. மேல் உட்காருகிறது. உட்கார்ந்து சில ஜீன்களைத் திறக்கிறது, சிலவற்றை மூடுகிறது. உடைந்த எலும்பின் இரு முனையிலும், இத்தனை நாள் சும்மா இருந்த செல்கள் சேதி வாங்கி, எலும்பு செய்கிற ஜீன்களைப் படிக்க ஆரம்பித்திருக்கின்றன. கதவு கிறீச்சிட்டால் அந்தப் பயத்தின் ஹார்மோன் சுரக்கிறது, வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலும் சுரக்கிறது. உன் ஜீன் அவளை அடிக்கவில்லை. உன் அடிதான் அவள் ஜீன்களை இப்படிப் படிக்க வைக்கிறது.

'அத்தை, அவர் கூட நான் போவணுமா?' என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். 'எங்கம்மா அனுப்பிடுவாங்க அத்தை.' அனுப்ப முடியாது, என் வீட்டுச் சாவியைத் தருகிறேன், எனக்குப் பிடித்தால் உன்னை என்னோடு வைத்துக்கொள்வேன், உன் அம்மா யார் கேட்க என்றேன். அவள் சிரித்தாள், வீங்கிய பக்கம் வலித்ததும் நிறுத்திக்கொண்டாள். பிறகு கேட்டேன், போலீசில் சொல்ல உனக்கு இஷ்டமா என்று.  'நான் விழுந்துட்டேன்னு ஆஸ்பத்திரில சொல்லிட்டேனே அத்தை. இப்ப யார் நம்புவாங்க?' என்றாள். நான் நம்ப வைக்கிறேன், கிளம்பு என்றேன். அவள் அம்மா வாசலில் குறுக்கே நின்று அழுதாள், 'நாலு பேரு இன்னா பேசுவாங்க' என்றாள். அனிதாவே, 'நவுறும்மா' என்றாள். பந்திக்குக் கழுவி வைத்த இலைகள் அப்படியே கிடந்தன.

போலீஸ் ஸ்டேஷனில் புகார் எழுத உட்கார்ந்தவர் கன்னடக்காரர், வயசானவர். அனிதா சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். அடித்ததைப் பார்த்தவர்கள் உண்டா என்று கேட்டார். பார்க்கவில்லை, ஆனால் அவனே என்னிடம் போனில் சொன்னான் என்று நான் முன்னால் போய் நின்றேன். நீ சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். பிடித்தது, முறுக்கியது, டக்கென்ற சத்தம், அப்புறம் அந்த இரண்டு அறை. பெண்ணின் அம்மாவா நீங்கள் என்கிற அர்த்தத்தில், 'நீவு ஹுடுகி தாயீனா?' என்றார். 'அல்ல சார்' என்றேன். 'ஹுடுகன தாயி.' பையனின் அம்மா என்று சொல்லிவிட்டு மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கம்மா என்றார். பிறகு எழுத ஆரம்பித்தார்.

அனிதா இப்போது உன் பழைய அறையில் தூங்குகிறாள். சோற்றைப் பிசைந்து நான்தான் ஊட்டினேன், ரசம் சோறு. நீ இந்தப் பக்கம் வரக் கூடாது, வந்தால் கதவைத் திறக்க மாட்டேன். உன்மேல் பாசம் இல்லாமல் இல்லை. இதை எழுதும்போது பாதி நேரம் அழுதுகொண்டுதான் எழுதினேன். ஆனால் அந்தப் பாசத்தைச் சட்டியில் போட்டு இனி யார் வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு போக மாட்டேன். குரூப்பில் இருக்கும் அத்தைமார்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

புகார்க் காகிதத்தை உன் ஏரியா ஸ்டேஷனுக்கு அனுப்புவார்களாம். உன்னைக் கூப்பிடுவார்கள். போனை எடுத்துப் பேசு, ஓடாதே. என்னிடம் சொன்னதை அப்படியே அவர்களிடமும் சொல், என் கைதான் முறுக்கியது என்று சொல். ரத்தம், ஜீன் என்று மட்டும் அங்கே ஆரம்பிக்காதே. அதற்குப் பதில் சொல்ல நான் அங்கே உட்கார்ந்திருப்பேன், அனிதா பக்கத்தில்.